ஓப்பனிங் சதவீதத்தை எவ்வளவு நம்பலாம்? ரேட்டிங்கின் பங்கைக் கழித்துப் பார்ப்பது எப்படி?

#1 பொங்கோல்_சிப்பாய்

எல்லாருக்கும் வணக்கம். உயர்நிலைப் பள்ளியின் சதுரங்க இணைப்பாட நடவடிக்கைக் குழுவுக்கு, 1.ஈ4-க்கு (வெள்ளை ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும் முதல் நகர்த்தல்) எதிராகக் கறுப்பு எந்த ஓப்பனிங்கை, அதாவது தொடக்க நகர்த்தல் வரிசையை, ஆடுவது என்று முடிவு செய்யவேண்டும். பிள்ளைகளின் ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) ரேட்டிங் 1500 முதல் 1800 வரை. சிசிலியன் (1...சி5), பிரெஞ்சு (1...ஈ6), காரோ-கான் (1...சி6) மூன்றும் பட்டியலில் இருக்கின்றன.

லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தின் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரரில் மாஸ்டர் ஆட்டங்களைப் பார்த்தால் ஒரு வரிசை வருகிறது. அதே இடத்தில் 1600, 1800 என்று வடிகட்டினால் வேறு வரிசை. செஸ்பேஸ் என்ற ஆட்டத் தரவு மென்பொருளில் இன்னொன்று. ஓப்பனிங் நல்லது என்பதால் சதவீதம் ஏறுகிறதா, பலமானவர்கள் ஆடுவதால் ஏறுகிறதா? இதைப் பிரித்துப் பார்க்க என்ன வழி?

#2 தெம்பனிஸ்_குதிரை

தம்பி, கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. முதலில் ஒரு கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை.

கறுப்புக்கு 'அ', 'ஆ' என்று இரண்டு ஓப்பனிங். ஒவ்வொன்றிலும் 1000 ஆட்டம்.

'அ': தன்னைவிட 200 புள்ளி பலமானவருக்கு எதிராக 800 ஆட்டம், எடுத்தது 27%. 200 புள்ளி பலவீனமானவருக்கு எதிராக 200 ஆட்டம், எடுத்தது 78%. மொத்தம் 37.2%.

'ஆ': பலமானவருக்கு எதிராக 200 ஆட்டம், 23%. பலவீனமானவருக்கு எதிராக 800 ஆட்டம், 74%. மொத்தம் 63.8%.

எக்ஸ்ப்ளோரர் காட்டுவது அந்தக் கடைசி எண்ணை மட்டும். அதில் 'ஆ' 26 சதவீதத்துக்கும் மேல் முன்னால் நிற்கிறது. ஆனால் இரண்டு வரியையும் தனித்தனியே பாருங்கள்: இரண்டிலுமே 'அ' 4 புள்ளி மேலே. புள்ளியியலில் இதற்கு சிம்சன் முரண்பாடு என்று பெயர். சதுரங்கத்தில் இது சகஜம். பலமானவரைச் சமன் செய்ய நினைப்பவர் திடமான ஓப்பனிங்கை எடுக்கிறார், பலவீனமானவரை அடித்து ஜெயிக்க நினைப்பவர் கலவரமான ஓப்பனிங்கை எடுக்கிறார்.

இதைச் சரிசெய்ய, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எதிர்பார்க்கும் மதிப்பெண் என்ன என்று எலோ (ரேட்டிங் கணக்கிடும் முறை) சூத்திரத்தில் கணக்கிடுங்கள்:

எதிர்பார்ப்பு = 1 ÷ (1 + 10^(வித்தியாசம் ÷ 400))

வித்தியாசம் என்பது எதிராளியின் ரேட்டிங்கிலிருந்து நம் ரேட்டிங்கைக் கழித்தது. 200 புள்ளி பலமானவருக்கு எதிராக 0.24, பலவீனமானவருக்கு எதிராக 0.76. இப்போது 'அ'-வின் எதிர்பார்ப்பு 34.4%, எடுத்தது 37.2%, மிச்சம் +2.8. 'ஆ'-வின் எதிர்பார்ப்பு 65.6%, எடுத்தது 63.8%, மிச்சம் −1.8. ஓப்பனிங்கின் மதிப்பு இந்த 'மிச்சத்தில்' இருக்கிறது. மொத்தச் சதவீதத்தில் தேடவேண்டாம்.

#3 கிளமெண்டி_யானை

செஸ்பேஸிலேயே ஓப்பனிங்குக்கான பெர்ஃபார்மன்ஸும் (எடுத்த முடிவுகளுக்கு ஈடான ரேட்டிங்) ஆடியவர்களின் சராசரி எலோவும் பக்கத்தில் பக்கத்தில் வருமே? ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் போதாதா? தனியாக நிரல் எழுத வேண்டிய அவசியம் இருக்கிறதா?

#4 தெம்பனிஸ்_குதிரை

மேலோட்டமாகப் பார்க்க அது போதும். 10, 15 புள்ளி வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்க அது தாங்காது. சராசரியை முதலில் எடுத்துவிட்டுச் சூத்திரத்தில் போடுவது வேறு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சூத்திரத்தைப் போட்டுவிட்டுச் சராசரி எடுப்பது வேறு. எலோ கோடு நேர்கோடு இல்லை, ஓரங்களில் வளைகிறது.

பாதி ஆட்டங்களில் 400 புள்ளி முன்னிலை, பாதியில் சமநிலை என்று வைத்துக்கொள்வோம். ஆட்டம் ஆட்டமாகக் கணக்கிட்டால் 0.909, 0.500, சராசரி 70.5%. சராசரி வித்தியாசமான 200-ஐச் சூத்திரத்தில் போட்டால் 76.0%. எந்தத் தவறும் செய்யாத ஒரு ஓப்பனிங்குக்கு 5.5 சதவீதம் அபராதம் விழுந்துவிட்டது. பலவீனமானவர்களைத் தாக்க எடுக்கும் காம்பிட்கள்தான் (காயைப் பலிகொடுத்துத் தாக்கும் ஓப்பனிங்குகள்) இந்தப் பிழையில் அதிகம் அடிபடும், ஏனென்றால் அவற்றில் ரேட்டிங் இடைவெளி பரந்து கிடக்கும்.

#5 செம்பவாங்_மந்திரி

குதிரை சொன்னது சரி. அதன்மேல் மூன்று திருத்தங்கள் அவசியம்.

ஒன்று, நிறம். எலோ சூத்திரத்துக்கு வெள்ளை கறுப்பு தெரியாது. மாஸ்டர் தொகுப்புகளில் வெள்ளை ஏறத்தாழ 55% எடுக்கிறது, 400 × பதின்மடக்கை(0.55 ÷ 0.45) என்று போட்டால் சுமார் 35 எலோ. வெள்ளையின் ரேட்டிங்கோடு அதைக் கூட்டிவிட்டுத்தான் வித்தியாசம் எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் கறுப்பின் எல்லா ஓப்பனிங்குகளும் மோசமாகத் தெரியும். 35 என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். உங்கள் ரேட்டிங் பட்டையில் உள்ள எல்லா ஆட்டங்களையும் வைத்து நீங்களே மதிப்பிடுங்கள்.

இரண்டு, சரிவு. நிஜ ஆட்டங்களில் பலமானவர் எலோ சூத்திரம் சொல்லும் அளவுக்கு எடுப்பதில்லை. கோடு இன்னும் தட்டையாக இருக்கிறது. ஆகவே 400 என்ற எண்ணை மாற்றமுடியாததாகக் கொள்ளாமல், மொத்தத் தரவிலும் ஒரு லாஜிஸ்டிக் பொருத்தம் (இதே வடிவ வளைகோட்டைத் தரவுக்கு ஏற்பப் பொருத்துவது) செய்து அந்த அளவைப் பெறுங்கள். லிசெஸில் ரேட்டிங் கிளிக்கோ-2 என்ற வேறொரு முறை, ஃபிடேயில் எலோ. இரண்டையும் ஒரே கோப்பில் கலக்கவே கூடாது.

மூன்று, பிழை வரம்பு. இது இல்லாமல் மிச்சத்தைச் சொல்வதில் பொருளே இல்லை. ஒரு ஆட்டத்தின் மாறுபாடு = வெற்றி வீதம் + சமன் வீதம் ÷ 4 − மதிப்பெண்ணின் வர்க்கம். வெற்றி 38%, சமன் 34%, தோல்வி 28% என்றால் மதிப்பெண் 0.55, மாறுபாடு 0.38 + 0.085 − 0.3025 = 0.1625, திட்ட விலக்கம் 0.403. ஆட்ட எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்து 1.96-ஆல் பெருக்கினால்:

100 ஆட்டம்: ±7.9%, ஏறக்குறைய ±55 எலோ
1000 ஆட்டம்: ±2.5%, ஏறக்குறைய ±17 எலோ
±1% வேண்டுமானால்: சுமார் 6240 ஆட்டம்

நடுப்பகுதியில் 1% என்பது 7 எலோவுக்குச் சமம். இரண்டு ஓப்பனிங்குக்கு நடுவில் 2% வித்தியாசம் உண்மையா என்று பார்க்க ஒவ்வொன்றிலும் 3100 ஆட்டமாவது வேண்டும். தொடக்கக் கல்லூரியில் எச்2 கணிதத்தில் பிள்ளைகள் படிக்கும் கருதுகோள் சோதனைதான் இது, புதிதாக ஒன்றுமில்லை.

#6 பொங்கோல்_சிப்பாய்

அக்கா, இப்போது புரிகிறது. பிள்ளைகள் அடிக்கடி சொல்லும் ஒரு வாதம்: 2024-இல் செந்தோசாவில் நடந்த உலகப் போட்டியில் டிங் லிரென் பிரெஞ்சு ஆடி நன்றாக எடுத்தார், அதனால் பிரெஞ்சுதான் நல்லது என்கிறார்கள். இதை இந்த முறையில் போட்டுக் காட்டமுடியுமா?

#7 செம்பவாங்_மந்திரி

முடியும். வகுப்பில் காட்ட அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

1-ஆவது, 5-ஆவது, 13-ஆவது ஆட்டங்களில் குகேஷ் வெள்ளை, ஓப்பனிங் பிரெஞ்சு. முதலாவதில் டிங் வென்றார், மற்ற இரண்டும் சமன். கறுப்புக்கு 3-க்கு 2, அதாவது 67%. அப்போது குகேஷ் 2783, டிங் 2728. வித்தியாசம் 55; வெள்ளைக்கு 35 சேர்த்தால் 90. டிங்கின் எதிர்பார்ப்பு ஆட்டத்துக்கு 0.373, மூன்றுக்கும் சேர்த்து 1.12. எடுத்தது 2. மிச்சம் ஆட்டத்துக்கு +29%!

அந்த +29-ஐப் பிழையோடு பாருங்கள். மூன்று ஆட்டத்துக்குத் திட்டப் பிழை 0.403 ÷ 1.732 = 0.23. மிச்சம் அதில் 1.3 மடங்குக்கும் குறைவு. இரண்டு மடங்கு கூட இல்லை. பிரெஞ்சு நல்லதென்றோ கெட்டதென்றோ இந்த மூன்று ஆட்டங்களால் எதையும் சொல்லமுடியாது. ஆட்டங்களின் தரம் உலக உச்சம் என்பது எண்ணிக்கைக் குறைவை ஈடுகட்டாது.

#8 கிளமெண்டி_யானை

சரி, நிரலே எழுதுகிறேன் என்பவர்களுக்குத் தரவுப் பக்கம். ஏமாறும் இடங்கள் இங்கேதான் அதிகம்.

லிசெஸ் மாதாமாதம் எல்லா ரேட்டட் ஆட்டங்களையும் பிஜிஎன் (ஆட்டங்களை எழுதும் உரை வடிவம்) ஆகத் தருகிறது, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். கோப்பு இசட்ஸ்டாண்டர்டு முறையில் சுருக்கப்பட்டது. விரித்தால் 7 மடங்கு பெரிதாகும். வட்டில் விரிக்காதீர்கள். விரிக்கும் நிரலின் வெளியீட்டை நேரே பைதான்-செஸ் என்ற நிரல் தொகுப்புக்குள் ஓடவிட்டு, ஆட்டம் ஆட்டமாகப் படித்து, தேவையான எண்களை மட்டும் எழுதிவையுங்கள். தலைப்பு வரிகளை மட்டும் முதலில் படித்து, நம் பட்டைக்குள் இல்லாத ஆட்டத்தின் நகர்த்தல்களைத் தாண்டிப்போனால் வேகம் பல மடங்கு கூடும்.

தூக்கவேண்டியவை: பாட் (கணினி நிரல்) கணக்குகள், பாதியில் கைவிட்டது, விதிமீறல் என்று முடிவு வரியில் குறிக்கப்பட்டவை, புல்லட், அல்ட்ராபுல்லட் எனும் மிக வேக ஆட்டங்கள். அரீனா எனும் தொடர் ஆட்டப் போட்டிகளில் ஒருவர் பெர்சர்க் என்ற தெரிவைப் போட்டால் அவருடைய நேரம் பாதியாகிவிடும். அந்த ஆட்டங்களில் ரேட்டிங் சொல்லும் பலம் பொருந்தாது, அரீனாவையே விட்டுவிடுவது எளிது. ஒரே ஆட்டத்தில் ரேட்டிங் 30, 40 என்று துள்ளினால் அந்தக் கணக்கு இன்னும் நிலைக்கவில்லை என்று பொருள், அதுவும் வேண்டாம்.

ஓப்பனிங்கை அடையாளம் காண ஈசிஓ குறியீட்டை (ஓப்பனிங்குகளை வகைப்படுத்தும் குறியீடு) நம்பாதீர்கள். ஏ00 முதல் ஈ99 வரை 500 பெட்டிகள்தான், சில பெட்டிக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை கிடக்கின்றன. காய்நிலையை வைத்துப் பிடியுங்கள்: ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பின்னும் பலகை, யார் முறை, கோட்டை கட்டும் உரிமை, ஆன்பசான் (சிப்பாயைக் கடந்துபோகும்போது வெட்டும் உரிமை) நான்கையும் சேர்த்து ஒரு ஹேஷ், அதாவது நிலையை அடையாளம் காட்டும் ஒரு எண். அப்போது வேறு வரிசையில் வந்து அதே நிலையை அடைந்த ஆட்டங்களும் சேர்ந்துவிடும். ஒரு எச்சரிக்கை: நகர்த்தல் எண்ணிக்கையை ஹேஷில் சேர்த்துவிட்டால், ஒரு நடை தாமதமாக வந்த அதே நிலை வேறாகக் கணக்காகும்.

அப்புறம், ஒரே ஆள் ஒரே ஓப்பனிங்கை 500 தடவை ஆடியிருந்தால் அது 500 தனித்தனிச் சாட்சி ஆகாது. ஒருவருக்கு 20 ஆட்டம் என்று வரம்பு வையுங்கள். பிழை வரம்பை பூட்ஸ்ட்ராப் முறையில் (தரவிலிருந்து திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துக் கணக்கிடுவது) எடுக்கும்போது ஆட்டங்களைக் குலுக்காமல் ஆட்டக்காரர்களைக் குலுக்குங்கள்.

#9 ஈசூன்_ராணி

ஃபிடே ஆட்டங்களை வைத்துச் செய்பவர்களுக்கு ஒன்று. 2024 மார்ச் 1-ஆம் தேதி ஃபிடே 2000-க்குக் கீழே இருந்த எல்லாருக்கும் ஒரே தடவையாக ரேட்டிங்கைக் கூட்டியது: 2000-இலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறோமோ அதில் 40%. அடித்தளமும் 1000-இலிருந்து 1400 ஆனது. 1500 இருந்தவர் மறுநாள் 1700. 2000 உள்ளவர் அவரோடு ஆடினால் எதிர்பார்ப்பு 94.7%-இலிருந்து 84.9%-க்கு இறங்குகிறது. ஆடியவர்கள் அதே ஆட்கள். இரண்டு காலத்தையும் ஒரே சரிவில் பொருத்தினால் மிச்சங்கள் எல்லாம் கோணலாகும். பொங்கோல் கேட்ட 1500–1800 பட்டைதான் இதில் நேராக அடிபடுகிறது. மார்ச் 2024-க்குப் பிந்திய ஆட்டங்களை மட்டும் எடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. குட்டையான சமன்களைத் தூக்கிவிடுங்கள். 12, 14 நகர்த்தலில் கைகுலுக்கியவை ஓப்பனிங்கைப் பற்றி என்ன சொல்லப்போகின்றன?

#10 செம்பவாங்_மந்திரி

மார்ச் 2024 பற்றிச் சொன்னதை முழுக்க ஏற்கிறேன். குட்டை ஆட்டங்களைத் தூக்குவதை ஏற்கவில்லை.

ஆட்டத்தின் நீளம் முடிவோடு பின்னிக்கிடப்பது. '20 நகர்த்தலுக்கு மேல் போனவை மட்டும்' என்று வடிகட்டினால், பொறியில் விழுந்து 10 நகர்த்தலில் தோற்றவர்களும் சேர்ந்தே மறைகிறார்கள். 1.டி4 ஈ5 என்ற எங்லண்ட் காம்பிட்டின் வெற்றிகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை. பொறி விரிப்பதற்காகவே ஆடும் ஓப்பனிங்கிலிருந்து பொறியை எடுத்துவிட்டால் எதை அளக்கிறோம்? சமன்களை மட்டும் தூக்கினாலும் சிக்கல் தீராது. கறுப்பு சீக்கிரம் சமநிலையை அடைந்துவிட்டதால் வெள்ளை கைகொடுத்திருக்கலாம். அது அந்த ஓப்பனிங்கின் சாதனை.

#11 ஈசூன்_ராணி

பொறி விஷயம் சரி, அக்கா. ஆனால் போட்டியின் கடைசிச் சுற்றில் இருவருக்கும் அரைப் புள்ளி போதும் என்றால் எந்த ஓப்பனிங் வந்தாலும் சமன்தானே? 1.ஈ4 ஈ5-க்குப் பின் வரும் பெர்லின் தற்காப்பில், நகர்த்தல் திரும்பத் திரும்ப வந்து முடியும் ஆட்டங்கள் அந்த ரகம். அவற்றை வைத்தால் பெர்லின் கறுப்புக்கு உள்ளதைவிட நன்றாகத் தெரியும்.

#12 செம்பவாங்_மந்திரி

உண்மை, அந்தச் சாய்வு இருக்கிறது. நான் செய்யச் சொல்வது: இரண்டு விதமாகவும் ஓட்டுங்கள். குட்டைச் சமன்களோடு ஒரு முறை, அவை இல்லாமல் ஒரு முறை. ஓப்பனிங்குகளின் வரிசை மாறாவிட்டால் விவாதம் தேவையில்லை. மாறினால், எந்த ஓப்பனிங் மாறியது என்பதை அறிக்கையிலேயே எழுதுங்கள். 1500–1800 பட்டையில் அப்படிப் பேசிவைத்த சமன்கள் குறைவு என்பதால் பொங்கோலுக்கு இது பெரிய தடையாக இராது.

#13 தெம்பனிஸ்_குதிரை

இனி இருப்பதில் கடினமானது. ஒருவருடைய ரேட்டிங்குக்குள்ளேயே அவருடைய ஓப்பனிங் ஒளிந்திருக்கிறது.

ஒருவர் வெள்ளையில் எப்போதும் ஒரே ஓப்பனிங் ஆடுகிறார், அது அவருக்கு ஆட்டத்துக்கு 4% நஷ்டம் தருகிறது என்று வையுங்கள். வருடக்கணக்கில் அதையே ஆடினால் அவர் ரேட்டிங் அந்த நஷ்டத்தையும் சேர்த்தே நிலைகொள்ளும். வெள்ளை பாதி, கறுப்பு பாதி என்பதால் மொத்தத்தில் 2%, ஏறக்குறைய 14 எலோ இறங்கி நிற்பார். பிறகு கணக்குப் பார்த்தால் வெள்ளையில் −2, கறுப்பில் +2 என்று வரும். உண்மையான −4 பாதியாகச் சுருங்கிவிட்டது. அதோடு அவர் ஆடும் கறுப்பு ஓப்பனிங்குக்குத் தகுதியில்லாத பாராட்டும் போய்ச்சேர்கிறது.

இரண்டு வழி உண்டு. ஒருவரின் வெள்ளை மிச்சத்துக்கும் கறுப்பு மிச்சத்துக்கும் உள்ள இடைவெளியை எடுத்து, அதைப் பிற ஆட்டக்காரர்களின் இடைவெளியோடு ஒப்பிடலாம். இதைவிட எனக்குப் பிடித்தது ஆளுக்குள் ஒப்பீடு: 1.ஈ4-க்கு எதிராகப் பிரெஞ்சும் காரோ-கானும் இரண்டையுமே 30 ஆட்டமாவது ஆடியவர்களை மட்டும் எடுத்து, ஒவ்வொருவரின் இரண்டு மிச்சங்களையும் கழித்து, ஆட்ட எண்ணிக்கையை எடையாக வைத்துச் சராசரி எடுங்கள். ஆள் அதே ஆள், ரேட்டிங் அதே ரேட்டிங், ஆகவே ரேட்டிங்குக்குள் ஒளிந்த பகுதி கழிந்துவிடுகிறது. முதல் ஓப்பனிங்கை 2019-இலும் மற்றதை 2024-இலும் ஆடியவரைச் சேர்த்தால் மட்டும் கெடும். 12 மாத இடைவெளிக்குள் இரண்டையும் ஆடியவராகப் பாருங்கள். நிறைய ஆட்கள் கழிந்துபோவார்கள். பரவாயில்லை, மிஞ்சுவது நம்பத்தக்கது.

#14 கிளமெண்டி_யானை

இதோடு 'யார் தேர்ந்தெடுத்தார்' என்பதையும் சேர்க்கவேண்டும். சிசிலியனின் ஒரு கிளையான நைடார்ஃபில் (ஈசிஓ பி90) கறுப்பின் மிச்சம் நல்லது என்று வந்தாலும், கறுப்பு நினைத்தால் மட்டும் நைடார்ஃப் வராது. வெள்ளை 2.சி3 என்று அலாபின் ஆடலாம், மூன்றாவதில் மந்திரி பி5 செக் வைக்கலாம், மூடிய சிசிலியனுக்குப் போகலாம். நைடார்ஃப் வரை வந்த வெள்ளைக்காரர் அதைப் படித்துவிட்டு வந்தவர். ஆகவே ஐந்தாவது நகர்த்தலில் நைடார்ஃப் ஆடும் பழக்கமுள்ளவர்கள், 1...சி5 போட்ட எல்லா ஆட்டங்களையும் சேர்த்து எண்ணுங்கள், நைடார்ஃப் வராமல் போனவை உட்பட. பிள்ளை அந்த ஓப்பனிங்கைப் படித்தால் அவனுக்குக் கிடைக்கப்போவது அந்த எண்தான்.

ஒப்பீடும் ஒரே கிளையில் நடக்கவேண்டும். 1.ஈ4-க்குப் பின் சி5, ஈ6, சி6, ஈ5 நான்கையும் பக்கத்தில் வையுங்கள். பிரெஞ்சை 1.டி4-க்கு எதிரான கிங்ஸ் இந்தியனோடு ஒப்பிட்டால் 1.ஈ4, 1.டி4 ஆடுபவர்களின் வித்தியாசமும் உள்ளே நுழைந்துவிடும்.

#15 பொங்கோல்_சிப்பாய்

அண்ணே, சில அபூர்வமான கிளைகளில் 60 ஆட்டம்தான் இருக்கிறது, ஆனால் மிச்சம் +9% காட்டுகிறது. அதை விட்டுவிடலாமா?

#16 செம்பவாங்_மந்திரி

விடவேண்டாம், சுருக்குங்கள். 500 ஈசிஓ பெட்டிகளைச் சோதித்தால், எதிலுமே உண்மை வித்தியாசம் இல்லாவிட்டாலும் 5% வரம்பில் சுமார் 25 பெட்டிகள் 'முக்கியம்' என்று கத்தும். சிறிய எண்ணிக்கை உள்ளவைதான் பட்டியலின் உச்சியிலும் அடியிலும் நிற்கும்.

சுருக்கிய மிச்சம் = மிச்சம் × ஆட்டம் ÷ (ஆட்டம் + மாறிலி). மாறிலி என்பது ஒரு ஆட்டத்தின் மாறுபாட்டை, ஓப்பனிங்குகளுக்கிடையே உள்ள உண்மை மாறுபாட்டால் வகுத்தது. உண்மை விலக்கம் 2% என்று கொண்டால் 0.1625 ÷ 0.0004, ஏறக்குறைய 400. உங்கள் 60 ஆட்ட +9%, 9 × 60 ÷ 460 = +1.2% ஆகிவிடும். 4000 ஆட்டத்தில் +2% காட்டும் ஓப்பனிங் +1.8%-இல் நிற்கும். எதை நம்புவது என்பது இப்போது எண்ணிலேயே தெரிகிறது. 2% என்ற விலக்கத்தை உங்கள் தரவிலிருந்தே மதிப்பிட்டுக்கொள்ளுங்கள்.

#17 ஈசூன்_ராணி

சமன் வீதத்தையும் தனியே பாருங்கள். வெற்றி 30, சமன் 30, தோல்வி 40 என்றாலும் 45%. வெற்றி 15, சமன் 60, தோல்வி 25 என்றாலும் 45%. குழுப் போட்டியில் மூன்று பலகை முடிந்து ஒரு புள்ளி பின்தங்கியிருந்தால், கடைசிப் பலகைக்கு முதலாவது வகைதான் வேண்டும். சமன் வீதமும் ரேட்டிங் இடைவெளியோடு மாறுவதால், வெற்றி–சமன்–தோல்வி மூன்றையும் ஒன்றாகக் கணக்கிடும் வரிசைமுறை லாஜிஸ்டிக் பொருத்தம் நல்லது.

#18 பொங்கோல்_சிப்பாய்

கடைசியாக ஒன்று. இங்கே பள்ளிப் பிள்ளைகளின் ரேட்டிங் எப்போதும் நிஜ பலத்துக்குப் பின்னால்தான் ஓடுகிறது. அது கணக்கைக் கெடுக்காதா?

#19 தெம்பனிஸ்_குதிரை

கெடுக்கும், அதிலும் குறிப்பிட்ட ஓப்பனிங்குகளில். 18 வயது ஆகும் ஆண்டு முடியும் வரை, 2300-க்குக் கீழே இருந்தால் கே மதிப்பு (ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு மாறலாம் என்பதை நிர்ணயிக்கும் எண்) 40. அப்படியும் வேகமாக வளரும் பிள்ளையை ரேட்டிங் பிடிக்கமுடிவதில்லை. 1600 என்று எழுதியிருக்கும், ஆட்டம் 1750. இந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் முதலில் லண்டன் சிஸ்டம், இத்தாலியன் என்ற வெள்ளையின் ஓப்பனிங்குகள் சொல்லித்தரப்பட்டிருந்தால், அந்த இரண்டுக்கும் காரணமில்லாமல் ஒரு கூடுதல் மிச்சம் ஒட்டிக்கொள்ளும். வளர்வது பிள்ளை, பெயர் லண்டனுக்கு.

ஆட்ட நாளின் ரேட்டிங்குக்குப் பதிலாக, ஆறு மாதம் கழித்து அதே ஆளுக்கு இருந்த ரேட்டிங்கை எடுத்து இன்னொரு முறை ஓட்டிப்பாருங்கள். ஃபிடே மாதப் பட்டியல்கள் இருப்பதால் இது முடியும். அந்த ஆட்டத்தின் முடிவும் பிந்திய ரேட்டிங்கில் கலந்திருக்கும். கே 40-இல் ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்சம் 40 புள்ளிக்குள்தான் என்றாலும் அந்த மாற்றத்தைக் கழித்துவிடுங்கள். இரண்டு ஓட்டத்திலும் லண்டனின் மிச்சம் ஒரே மாதிரி நின்றால் அது ஓப்பனிங்கினுடையது. இரண்டாவதில் கரைந்தால் பிள்ளைகளுடையது.

முதலில் 1...சி5, 1...ஈ6, 1...சி6 மூன்றுக்கு மட்டும், மார்ச் 2024-க்குப் பிந்திய 1500–1800 ஆட்டங்களில், நிறத் திருத்தத்தோடு மிச்சமும் பிழை வரம்பும் எடுத்து இங்கே போடுங்கள் தம்பி. ஆட்ட எண்ணிக்கையையும் ஆட்டக்காரர் எண்ணிக்கையையும் தனித்தனியே எழுதுங்கள். ஆளுக்குள் ஒப்பீட்டுக்கு எத்தனை பேர் தேறுகிறார்கள் என்று அதிலிருந்து பார்க்கலாம்.